கடிதத்தின் மூலையில் மஞ்சள்

பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

எம்.எல்.ஏ. ஆபீசுகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். போன மாதம் என்னைக் கூப்பிட்டு மேடையில் உட்காரவைத்து, "உங்க அனுபவத்த சொல்லுங்க ஐயா" என்றீர்கள். மைக்கைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, போர்த்திய சால்வையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். "பதினெட்டு வருஷம் வேல பாத்தத ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அன்றைக்கு வாயால் சொல்ல முடியாததை இப்போது கையால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது தாண்டாதவன். கையெழுத்து அழகாக இருக்கும். அந்த ஒரு தகுதிக்காகத்தான் எங்கள் எம்.எல்.ஏ. என்னைக் கடிதம் எழுத வைத்துக்கொண்டார். அவரைத் தலைவர் என்று கூப்பிடுவோம். நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும் என்பதால் அவர் என்னைச் சாமி என்பார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அவர் மூன்று கட்சியில் இருந்தார். ஒவ்வொரு முறையும் சுவரில் தலைவர்கள் படம்தான் மாறியது. மேசை, நாற்காலி, பிள்ளையார் படம், நான் எல்லாம் அப்படியே இருந்தோம்.

நம்ம புதுச்சேரியில் ஒரு தொகுதி எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். என் மொபெட்டில் எங்கள் தொகுதியை மூன்று சுற்று சுற்றிவிட்டு, பெரிய மார்க்கெட்டில் கீரையும் வாங்கிக்கொண்டு, முத்தியால்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்குச் சமையலுக்கு முன்னால் வந்துவிடலாம். அதனால் எங்கள் ஜனங்களுக்கு எம்.எல்.ஏ. என்பவர் சபைக்குப் போகிறவர் அல்ல, விசேஷத்துக்கு வருகிறவர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு, கருமாதி எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதி வைக்க எங்களிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. முகூர்த்த நாளில் தலைவர் பதினோரு வீட்டில் பாயசம் குடித்திருக்கிறார். ஒரு வீட்டில், எட்டு மாதக் குழந்தையைத் தூக்கி, "பாப்பா எந்த ஸ்கூலு?" என்று கேட்டார். அது பத்தாவது வீடு, பாவம்.

அவரை மட்டும் சொல்லக்கூடாது. நம்ம தெருவைப் பற்றிச் சட்டசபையில் என்ன பேசினீர்கள் என்று கேட்டு ஒரு ஆள் எங்கள் படியேறியதில்லை. ஆனால் கருமாதிக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்டு ஒரு பெரிய குடும்பம் மொத்தமாக எதிர்க்கட்சிக்குப் போனது. அடுத்த தேர்தலுக்குள் தலைவரே அந்தக் கட்சிக்குப் போய்விட்டதால் அவர்கள் மறுபடியும் எங்களோடு சேர்ந்துவிட்டார்கள்.

விசேஷம் இல்லாத நேரத்தில் எங்கள் தொழில் கடிதம் கொடுப்பது. 'இல்லை', 'முடியாது' என்ற இரண்டு வார்த்தையும் எங்கள் ஆபீசில் புழங்கியதே இல்லை. "நம்மள தேடி வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக்கூடாது சாமி" என்பார் தலைவர். அதனால் வியாழக்கிழமை காலையில் பூஜை முடிந்ததும், ஒரு கட்டு லெட்டர்பேடில் அடியில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். வருகிறவர்கள் கேட்பதை மேலே எழுதுவது என் வேலை. பிரான்சு பென்ஷன் வாங்கும் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர், சொல்தா என்று கூப்பிடுவோம், அவரும் வருவார். என்னை முசியே, அதாவது ஐயா, என்பார். பிரெஞ்சு குடியுரிமை என்பதால் அவருக்கு இங்கே ஓட்டே கிடையாது.

"முசியே, ஓட்டு இல்லாத எனக்கே கடுதாசி குடுக்கறாரே, ஓட்டு இருக்கறவனுக்கு இன்னா குடுப்பாரு?" என்று ஒருநாள் கேட்டார்.

"அதே கடுதாசிதான் ஐயா" என்றேன். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இனி மஞ்சள் விஷயம். புதுச் சட்டை உடுத்தினால் மூலையில் மஞ்சள் வைக்கிறோம் இல்லையா? சேர்ந்த புதிதில் நான் அதுபோல ஒவ்வொரு கடிதத்துக்கும் மேல் மூலையில் ஒரு துளி மஞ்சள் வைத்தேன். கொண்டுபோகிறவருக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான். ஒரு வாரம் கழித்துத் தலைவர் அதைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எல்லாத்துக்கும் வைக்காத சாமி. எல்லாத்துக்கும் வச்சா பிள்ளையாருக்கே அலுத்துப் போயிடும். எதுக்கு வைக்கணும்னு நான் சொல்றேன், அதுக்கு மட்டும் வையி."

எவ்வளவு பக்தி பாருங்கள் என்று நினைத்தேன்.

அதிலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. மஞ்சள் வைத்த கடிதம் எல்லாம் பலித்தது. மாற்றல் வேண்டியவருக்கு மாற்றல், லைசென்ஸ் வேண்டியவருக்கு லைசென்ஸ். மஞ்சள் வைக்காதது எதுவும் நகரவில்லை. தெய்வம் என் விரல் வழியாக வேலை செய்கிறது என்று நான் முழுசாக நம்பினேன். கடை மஞ்சளை விட்டுவிட்டு, பெரிய மார்க்கெட்டில் விரலி மஞ்சள் பார்த்து வாங்கி, வீட்டில் இடித்து, பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்துப்போக ஆரம்பித்தேன். "பெரிய பூசாரின்னு நெனப்பு. வீட்டுல குழம்புக்குப் போட மஞ்சத்தூள் இல்ல" என்பாள் மனைவி.

சரி, காரியம் நடக்காதவர்கள் திரும்பி வருவார்களே, அவர்களுக்கு என்ன சொன்னேன்? இதை எழுதக் கை கூசுகிறது. "நேரம் சரியில்லம்மா. சனிக்கிழமை கோயில்ல எள் விளக்கு போடுங்க" என்றேன். போட்டார்கள். பட்டாவுக்கு அலைந்தவர், விதவைப் பென்ஷனுக்கு அலைந்தவர், தெருக்குழாய்க்கு அலைந்தவர் என்று எத்தனையோ பேர் என் பேச்சைக் கேட்டு விளக்குப் போட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை தலைவர் என்னிடம் ஒரு பெயரும் முகவரியும் கொடுத்தார். ஒயின்ஷாப் வைத்திருக்கும் ஒருவர் தன் கடையைப் புது இடத்துக்கு மாற்ற லைசென்ஸ் கேட்கிறார், ஆட்சேபணை இல்லை என்று எழுது என்றார். எழுதினேன். "மஞ்சள் வையி சாமி" என்றார். வைத்தேன். தலைவர் பிறந்த நாளுக்கு வருஷா வருஷம் பிரியாணி போடுகிறவர் அந்தக் கடைக்காரர்.

புதன்கிழமை பெண்கள் வந்தார்கள். ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள், இருபது பேருக்கு மேல் இருக்கும். எல்லாரும் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். கம்பெனி வேன் அவர்களை ஏற்றி இறக்குவது அந்தத் தெரு முனையில். அந்த முனையில்தான் ஒயின்ஷாப் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். கம்பெனியில் லைன் லீடராக இருக்கும் கலைவாணி என்ற பெண்தான் பேசியது.

"கட வந்தா வாசல்ல ஆம்பளைங்க நிப்பாங்கண்ணே. அங்க போய் நின்னு வேன் ஏறுன்னு எந்தப் புள்ளைய வீட்டுல அனுப்புவாங்க? எங்க மாமியாரு இப்பவே சொல்லிட்டாங்க, கட தொறக்கற அன்னிக்கு நீ வேலைய விட்டுடுன்னு. என் லைன்ல ஒம்போது பேரு இந்தத் தெரு பொண்ணுங்க. ஒம்போது பேர் வீட்லயும் இதே பேச்சுதான்."

"வேனத் தெருவுக்குள்ள வரச் சொல்லக்கூடாதா?" என்று தலைவர் கேட்டார்.

"எங்க தெருவுல ஆட்டோவே திரும்பாதுண்ணே. நீங்க ஓட்டு கேட்டு வந்தப்ப நடந்துதான வந்தீங்க."

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "என் பொணத்து மேலதான்மா அந்தக் கடை வரும்" என்றார். தான் சொல்லச் சொல்ல, காரமாக ஒரு கடிதத்தை என்னை எழுதவைத்தார். அவ்வளவு நல்ல கடிதத்தை நான் அதற்குமுன் எழுதியதில்லை. பெண்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் படியிறங்கி டீ குடிக்கப் போன நேரத்தில் நான் மஞ்சள் டப்பாவைத் திறந்தேன்.

"இதுக்கு வேணாம் சாமி."

"தலைவரே, திங்கக்கிழம எழுதினோமே, அதுவும் இதே முகவரிதான்."

"தெரியும். அவரும் நம்ம ஆளு, இவங்களும் நம்ம ஆளுங்க. ரெண்டு பேருக்கும் குடுத்தாச்சில்ல?" என்று சொல்லிவிட்டு ஒரு கருமாதிக்குக் கிளம்பினார்.

நானும் டப்பாவை மூடிவிட்டேன். அதுதான் என் தப்பு. எல்லாருக்கும் ஆளாக இருப்பது பெரிய மனசு என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாதத்தில் கலைவாணி நான்கு முறை அந்த லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசுக்கு அலைந்தது. நான்கு முறையும், "பார்க்கறோம், போய்ட்டு வாங்க" என்றார்கள். நானும் என் வழக்கப்படி எள் விளக்கு போடச் சொன்னேன். அதற்குள் முனையில் இருந்த கட்டிடத்துக்கு வெள்ளையடித்து, ஷட்டர் மாட்டிவிட்டார்கள். ஐந்தாவது முறை, "நீங்களும் வாங்கண்ணே, ஒங்க மூஞ்சிக்காவது பதில் சொல்லுவாங்க" என்று என்னைக் கூப்பிட்டது. போனேன்.

அங்கே இருந்த குமாஸ்தா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வா சாமி, நீயே வந்துட்டியா" என்றார். கலைவாணியின் கடிதத்தை ஒரு கட்டிலிருந்து உருவிப் பார்த்துவிட்டு மேசைமேல் போட்டார்.

"இதுல மஞ்சள் இல்லையே."

"மஞ்சள் இல்லன்னா இன்னா?"

"இன்னா சாமி தெரியாத மாதிரி கேக்குற? நீதான வைக்கிற." அவர் மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. "மஞ்ச வச்சது இங்க. இது செய்ய வேண்டியது. வெறும் லெட்டர் அங்க. அது ஜனங்களுக்காக. ஒங்க தலைவர் மொத வருஷமே சொல்லி வச்சிட்டாரு. எல்லா ஆபீசுக்கும் இதுதான். நல்ல சிஸ்டம். நாங்க ஒவ்வொண்ணுக்கும் போன் போட்டு கேக்கத் தேவையில்ல பாரு."

வெறும் கடிதத் தட்டு நிரம்பி வழிந்தது. எல்லாம் என் கையெழுத்து. அழகாக இருந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். கலைவாணி என் பக்கம் திரும்பியது.

"அப்ப எங்க கடுதாசி பொறக்கும்போதே செத்துதான் பொறந்துதாண்ணே?"

"எனக்குத் தெரியாதும்மா. சாமி சத்தியமா தெரியாது."

"நீங்க எள் விளக்கு போடச் சொன்னீங்க. நாலு வாரம் போட்டேன்." அது கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. "அவரு அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ண்ணே. எங்களுக்கு முடியாதுன்னா புரியாதா? வீட்ல தெனம் கேக்கற வார்த்ததான. அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த ஒரு மாசத்துல வேற கதவத் தட்டியிருப்போம். கையில கடுதாசி இருக்குதுன்னு நம்பி சும்மா இருந்துட்டோம்."

தம்பிகளே, தங்கைகளே, எம்.எல்.ஏ. என்றால் என்ன என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லிக்கொடுத்தது அந்த வேப்பமரத்தடிதான். என் காரியத்தை முடித்துக்கொடு என்றுகூட அந்தப் பெண் கேட்கவில்லை. எங்களிடம் ஒன்று, எங்களுக்குப் பின்னால் ஒன்று சொல்லாதே என்றுதான் கேட்டது.

வழியில் பிள்ளையார் கோயிலில் நின்றேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. தோப்புக்கரணம் போட்டேன். வழக்கமாக மூன்று போடுவேன். அன்றைக்கு எண்ணவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டு, பூசாரிதான் தூக்கிவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. தலைவர் வழக்கம்போல ஒரு கட்டு லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பெண்களுக்காக அவர் சொன்ன அதே கடிதத்தை, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல், மறுபடியும் எழுதினேன். மூலையில் மஞ்சள் வைத்தேன். வைத்ததும் மற்ற கடிதங்கள் என்னைப் பார்ப்பது போல இருந்தது. குழாய் கேட்டவர், பென்ஷன் கேட்டவர், பட்டா கேட்டவர், எல்லாருக்கும் வைத்தேன். ஒரே பதவிக்கு இரண்டு பேர் சிபாரிசு கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் வைத்தேன். டப்பா காலியானது. அத்தனையையும் அந்தந்த ஆபீசில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நோட்டில் முதல் விசேஷம், அந்தப் பெண்கள் இருக்கும் தெருவில் ஒரு காதுகுத்து. கலைவாணியின் தங்கை குழந்தைக்கு. இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அந்த அளவுக்கு எனக்கு மூளை கிடையாது. அந்தக் காதுகுத்து இரண்டு மாதத்துக்கு முன்பே நோட்டில் ஏறியது.

போட்டோவுக்காகத் தலைவர் குழந்தையைத் தாய்மாமன் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தாய்மாமன் வேட்டி சட்டையோடு பக்கத்தில் வெறுமனே நின்றார். தலைவர் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்திருந்தார். ஆசாரி ஊசியோடு குனிந்தார். சுற்றிலும் தெருப் பெண்கள் கூட்டம். அப்போது தலைவர் போன் அடித்தது. அது எப்போதும் என் கையில்தான் இருக்கும். அவர் கை வேலையாக இருந்தால் நான் ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடிப்பேன். பல வருஷப் பழக்கம். பிடித்தேன்.

"தலைவரே, லைசென்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். ஒரே எடத்துக்கு ஒங்க லெட்டர் ரெண்டு வந்திருக்கு. ஒயின்ஷாப் வரலாம்னு ஒண்ணு, வரக்கூடாதுன்னு ஒண்ணு. ரெண்டுலயும் மஞ்சள் இருக்கு. எது நெஜம்?"

ஆசாரியின் கை அப்படியே நின்றது.

"அப்பறம் பேசறேன்பா, விசேஷத்துல இருக்கேன்."

"இன்னிக்கு பைல் மேல போவணும் தலைவரே. ஒரு வார்த்த சொன்னா போதும்."

போனை அணைத்திருக்கலாம். விரல் பக்கத்தில்தான் இருந்தது. நான் அணைக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், வீடியோ எடுக்கிறவரைப் பார்த்தார். அத்தனை பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலைவாணி தாம்பாளத்தைக் கீழே வைத்தது.

"சொல்லுங்கண்ணே. கட வரணும்னா வரணும்னே சொல்லுங்க. நாங்க சண்டைக்கு வரமாட்டோம். தெரிஞ்சிக்கிட்டு எங்க வழியப் பாக்கறோம்."

பதினெட்டு வருஷத்தில் அவர் முகம் அப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை. குழந்தைகூட அழாமல் அவரை அண்ணாந்து பார்த்தது.

"கட வேணாம்பா," என்றார் கடைசியில். "அந்த எடத்துல வேணாம்."

"அப்ப அந்த இன்னொரு லெட்டரு?"

"அத எடுத்துடு."

யாரும் கை தட்டவில்லை. எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. தாய்மாமன் முன்னால் வந்து, "இப்ப கொழந்தைய குடுங்க தலைவரே" என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி குத்தினார். குழந்தை வீடு அதிர அழுதது.

காரில் தலைவர் சொன்னார்: "வருஷா வருஷம் பிரியாணி போடறவன்டா அவன்." அவங்க ஓட்டுப் போட்டவங்க தலைவரே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மறுநாள் குளிக்கும்போது சத்தமாகச் சொன்னேன். "யாரோட பேசறீங்க?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

அவர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "இனிமே மஞ்சள் வேணாம் சாமி. கம்ப்யூட்டர் லெட்டர்ல அசிங்கமா தெரியுது" என்றார், அவ்வளவுதான். கடிதம் அடிக்க வேறு ஆள் வந்தார். நான் ஓய்வு பெறும்வரை விசேஷ நோட்டை மட்டும் பார்த்துக்கொண்டேன். அந்த முனையில் இப்போது ஜெராக்ஸ் கடை இருக்கிறது. காலையில் அந்த வழியாகப் போனால் கலைவாணி டிபன் டப்பாவோடு வேனுக்கு நிற்பதைப் பார்க்கலாம். ஒயின்ஷாப் இரண்டு தெரு தள்ளிப் பக்கத்துத் தொகுதியில் திறந்தார்கள். அந்தத் தெருவிலும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் என்ன கடிதம் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வெற்றி என்று நான் சொல்லிக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

சனிக்கிழமைதோறும் இப்போது நான் எள் விளக்குப் போடுகிறேன். எனக்காக இல்லை. நான் போடச் சொன்ன அத்தனை பேருக்காகவும். பெயர் எல்லாம் ஞாபகமில்லை, முகம் ஞாபகமிருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். மஞ்சளை நிறுத்திய பிறகும் எங்கள் ஆபீஸ் கடிதங்களில் சில நடந்தன, பல நடக்கவில்லை. அப்படியென்றால் மஞ்சளுக்குப் பதில் வேறு ஏதோ அடையாளம் வந்திருக்கிறது. குண்டூசி குத்தும் இடமா, மடிக்கும் விதமா, கடைசியில் வைக்கும் புள்ளியா என்று ஓய்வு பெறும் நாள்வரை தேடினேன். அகப்படவில்லை. நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள், கண்ணும் நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தேடிக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் யாரிடமும் சொல்லாதீர்கள், சண்டை போடாதீர்கள். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, அதை எல்லாக் கடிதத்துக்கும் வையுங்கள். போன் அடிக்கும். ஸ்பீக்கரில் போடுங்கள்.